பெரிய த்ராட்டில் பாடி, ஓபன் ஃபில்டர் மாட்டினால் 150 சிசி பைக் பறக்குமா? மணிக்கட்டு காட்டும் மாயமும் பின்னால் வரும் செலவும்

"கம்பெனி ஃபில்டர் பாக்ஸ் இன்ஜினுக்கு மூச்சடைப்புங்க. அதைத் தூக்கிப் போட்டுட்டு ஓபன் ஃபில்டர் மாட்டுங்க. 28 எம்.எம். த்ராட்டில் பாடியைக் கழற்றிட்டு 32 போடுங்க. அப்புறம் பாருங்க பிக்கப்பை!"

ரீல்ஸ் பக்கம் போனால் இந்த ரகத்தில் ஒன்றாவது கண்ணில் படாமல் இருக்காது. ஆன்லைனில் பார்ட்ஸ் கிடைக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பெரிய பைக்கில் இருந்து கழற்றிய செகண்ட் ஹேண்ட் த்ராட்டில் பாடியே சிக்கும். இ.எம்.ஐ. இன்னும் முடியாத வண்டியில் இதை மாட்டிக்கொள்ளும் இளைஞர்கள் நிறைய பேர்.

மாட்டியவர்களைக் கேட்டால் "நல்ல வித்தியாசம் தெரியுது" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வித்தியாசம் தெரியத்தான் செய்யும். ஆனா, அந்த வித்தியாசம் இன்ஜினில் வந்ததா, ஆக்சிலரேட்டர் முறுக்கும் மணிக்கட்டில் வந்ததா என்பதுதான் கேள்வி. விளக்கமாகப் பார்க்கலாம்.

ஒரு நிமிடத்துக்கு 33 கேன் காற்று

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும், அவ்வளவுதான் பவர். இதில் சந்தேகமே இல்லை. அதனால் "காற்றைக் கூட்டினால் பவர் கூடும்" என்ற அடிப்படை சரிதான்.

150 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை இழுக்கும். 9,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நிமிடத்துக்கு 4,500 முறை. ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் 150 மில்லி. பெருக்கிப் பாருங்க, 675 லிட்டர். நம்ம வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேன் கணக்கில் 33 கேனுக்கும் மேல். இவ்வளவும் கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை வழியாகப் போகணும் என்றால் அந்த ஓட்டை சின்னதாகத்தானே தெரியும்?

இங்கேதான் கணக்கு தப்பிப்போகிறது. 28 எம்.எம். ஓட்டையை 32 ஆக்கினால் அதன் பரப்பு 31 சதவீதம் கூடும். ஆனால் காற்று 31 சதவீதம் கூடாது. பழைய ஓட்டை எவ்வளவு தடுத்துக்கொண்டிருந்ததோ அதைத்தான் மீட்க முடியும், அதற்கு மேல் ஒரு துளியும் கிடையாது.

வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல். ஆக்சிலரேட்டரை முழுசா முறுக்கி 9,000 ஆர்.பி.எம்.மில் போகும்போது 28 எம்.எம். ஓட்டையைத் தாண்டுவதில் 3 கிலோபாஸ்கல் வீணாகிறது என்று வையுங்கள். தடையே இல்லாத ஓட்டை ஒன்றை மாட்டினாலும் திரும்பக் கிடைப்பது அந்த 3 சதவீதம்தான். 15 குதிரைத் திறன் வண்டியில் அது அரைக் குதிரைகூட இல்லை.

அதுவும் மற்ற எல்லாம் ஒத்துழைத்தால். த்ராட்டில் பாடிக்குப் பின்னால் இன்டேக் மேனிஃபோல்டு, அதற்குப் பின்னால் சிலிண்டர் ஹெட்டில் உள்ள போர்ட், கடைசியில் வால்வு என்று வரிசையாக இருக்கின்றன. அவை பழைய அளவிலேயே இருக்கும். ஒரு இன்ச் பைப் போட்ட மோட்டார் லைனில் நடுவில் ஒன்றரை இன்ச் கேட் வால்வு மட்டும் மாட்டினால் டேங்க் சீக்கிரம் நிரம்புமா? அதே கதைதான். ரப்பர் பூட்டின் வாய் ஒரு அளவு, த்ராட்டில் பாடியின் வாய் இன்னொரு அளவு என்றால் அந்தப் படிக்கட்டில் காற்று மோதிச் சுழலும். இருந்த ஓட்டமும் கெடும்.

அப்போ பிக்கப் கூடின மாதிரி தெரியுதே, அது என்ன?

சிட்டியில் நாம் வண்டி ஓட்டுவது 4,000, 5,000 ஆர்.பி.எம்.மில். ஆக்சிலரேட்டர் கால்வாசி திறந்திருந்தால் அதிகம். அந்த நேரத்தில் இன்ஜினுக்குக் காற்று போகாமல் தடுப்பது கம்பெனி அல்ல, நீங்கள்தான். த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் பட்டர்ஃபிளை வால்வை முக்கால்வாசி மூடி வைத்திருப்பது உங்கள் கை. இன்னும் வேகம் வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் முறுக்கினால் போதும், காற்று வந்துவிடும்.

பெரிய த்ராட்டில் பாடியில் என்ன நடக்கிறது? அதே அளவு முறுக்கினால் பெரிய வால்வு, அதனால் பெரிய இடைவெளி, அதிகக் காற்று. முன்பு கால் பங்கு முறுக்கினால் கிடைத்தது இப்போ ஐந்தில் ஒரு பங்கிலேயே கிடைக்கிறது. கை பழைய கணக்கிலேயே முறுக்குகிறது, வண்டி முன்னைவிட வேகமாகக் கிளம்புகிறது. "செம பிக்கப்!" என்று மனசு சொல்லிவிடும். உண்மையில் இன்ஜினின் உச்ச சக்தி அப்படியேதான் இருக்கிறது. 'க்விக் த்ராட்டில்' என்று தனியாக விற்கும் பொருளும் இதே வேலையைத்தான் செய்கிறது, செலவு ரொம்பக் குறைவு.

ஓபன் ஃபில்டரில் இன்னொரு மயக்கமும் சேர்ந்துகொள்ளும். அது சத்தம். கம்பெனி ஃபில்டர் பாக்ஸ் வெறும் பிளாஸ்டிக் டப்பா கிடையாது. இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது வரும் 'புர்ர்' சத்தத்தை அடக்குவதற்கும், குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் அழுத்த அலை திரும்பி வந்து சிலிண்டரை நன்றாக நிரப்புவதற்கும் அதன் கொள்ளளவும் மூக்குக் குழாயின் நீளமும் கணக்குப் போட்டு வைக்கப்படுகின்றன. அதைக் கழற்றினால் சத்தம் காதுக்கு நேராக வரும். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக நம்புவது மனித சுபாவம். சைலன்சர் விஷயத்திலும் இதைத்தான் பார்க்கிறோம்.

அதைவிட மோசம், காற்று வரும் இடம். கம்பெனி பாக்ஸ் இன்ஜின் சூட்டில் இருந்து விலகி, சீட்டுக்கு அடியிலோ டேங்குக்குப் பின்னாலோ இருந்து காற்றை எடுக்கும். ஓபன் ஃபில்டர் பல வண்டிகளில் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். சிக்னலில் நிற்கும்போது 30 டிகிரி காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்றை இழுத்தால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. ஓட்டையைப் பெரிதாக்கி 3 சதவீதம் பிடிக்கப் போய், சூட்டில் 9 சதவீதம் விட்டுவிட்டு வருவது என்ன கணக்கு?

ஜெட் மாற்றிய காலம் போச்சு

"ஆர்.எக்ஸ்.100ல எல்லாம் இதைத்தானே பண்ணாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கார்புரேட்டர் காலத்தில் காற்றைக் கூட்டினால் மெக்கானிக் ஒரு சைஸ் பெரிய ஜெட்டைப் போட்டுப் பெட்ரோலையும் கூட்டிவிடுவார். கைப்பழக்கத்தில், காதால் கேட்டே டியூன் பண்ணக்கூடியவர்கள் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தபிறகு பெரும்பாலான புது பைக்குகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. இப்போது பெட்ரோல் எவ்வளவு என்பதை முடிவு செய்வது ஈ.சி.யூ. என்கிற குட்டி கம்ப்யூட்டர். ஆர்.பி.எம். எவ்வளவு, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே அழுத்தம் எவ்வளவு, காற்றின் சூடு எவ்வளவு என்று சென்சார்கள் சொல்வதைக் கேட்டு, கம்பெனி எழுதிவைத்த 'மேப்' அட்டவணையைப் பார்த்து அது பெட்ரோலைப் பீய்ச்சும்.

அந்த அட்டவணை எழுதப்பட்டது 28 எம்.எம். ஓட்டைக்கு. நீங்கள் 32 மாட்டியிருப்பது அதற்குத் தெரியாது. 20 சதவீதம் திறப்பு என்று சென்சார் சொன்னால் பழைய ஓட்டையின் 20 சதவீதக் காற்றுக்கான பெட்ரோலைத்தான் கொடுக்கும். உள்ளே போனது அதைவிட அதிகக் காற்று. இதைத்தான் 'லீன்' என்கிறார்கள்: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அழுத்தத்தை அளந்து பெட்ரோல் கொடுக்கும் வண்டிகள் ஓரளவு சமாளிக்கும். த்ராட்டில் திறப்பை மட்டும் பெரிதாக நம்பும் வண்டிகள் திணறும்.

"ஆக்சிஜன் சென்சார் இருக்கே, அது சரிபண்ணிடாதா?" பாதி உண்மை. சைலன்சர் குழாயில் இருக்கும் அந்த சென்சார் சீரான வேகத்தில் போகும்போதும் ஐடிலிங்கிலும் கலவையைத் திருத்தும், அதுவும் ஒரு எல்லை வரை. முழுசா முறுக்கும்போது பெரும்பாலான சின்ன பைக்குகளில் ஈ.சி.யூ. அந்த சென்சாரைக் கேட்பதே இல்லை, அட்டவணையை மட்டும் நம்பும். அதாவது இன்ஜின் அதிகம் சூடாகும், தப்பு நடந்தால் பிஸ்டனைப் பதம் பார்க்கும் அந்த நேரத்தில்தான் காவலுக்கு ஆள் இல்லை.

இதில் புதுசாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. இப்போ பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். ஒரு கிலோ சுத்த பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 10 சதவீத எத்தனால் கலந்தால் சுமார் 14.1. இ20-க்கு சுமார் 13.5. அதாவது இ10-க்கு மேப் எழுதிய வண்டியில் இ20 ஊற்றினால், அதே காற்றுக்கு 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவைப்படும். ஆக்சிஜன் சென்சார் தன்னிடம் இருக்கும் திருத்தும் எல்லையில் ஒரு பகுதியை ஏற்கெனவே இதற்குச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. அந்த வண்டியில் பெரிய த்ராட்டில் பாடியையும் மாட்டினால் மிச்சம் இருந்த எல்லையும் காலி.

லீன் ஆன வண்டியின் அறிகுறிகள் ஓட்டுபவருக்குத் தெரியும். சிக்னலில் ஐடிலிங் ஏறி ஏறி இறங்கும். ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் 'பட் பட்' என்று வெடிக்கும் (இதை ஸ்டைல் என்று நினைப்பவர்களும் உண்டு). கால் சுடும். மெதுவாகத் திறக்கும்போது ஒரு நொடி தயங்கி, அப்புறம் தூக்கி அடிக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை வெள்ளையாக வெளுத்திருக்கும்.

இதைச் சரியாகச் செய்யணும் என்றால் த்ராட்டில் பாடியோடு நிற்காது. ஈ.சி.யூ.வை ரீமேப் செய்யணும், இல்லையென்றால் பிக்கிபேக் டியூனர் மாட்டணும். இன்ஜெக்டர் போதவில்லை என்றால் அதையும் மாற்றணும். டைனோ மெஷினில் வண்டியை ஏற்றி ஒவ்வொரு ஆர்.பி.எம்.முக்கும் கலவையை அளக்கணும். ரீல்ஸில் காட்டும் 'அரை மணி நேர வேலை' இதில் முதல் படி மட்டும்தான்.

தூசிக்கு இரக்கம் கிடையாது

என்னைக் கேட்டால் இந்த மொத்த விவகாரத்திலும் அதிகம் பேசாமல் விடப்படுவது தூசிதான். குவாரி லாரி போகும் ரோடு, மணல் பறக்கும் கடற்கரைச் சாலை, தோண்டிப் போட்ட தெரு என நம்ம வண்டிகள் இழுக்கும் காற்றில் மண் இல்லாத நாள் உண்டா? மண்ணில் இருக்கும் சிலிக்கா இரும்பைவிடக் கடினம். அது சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் ரிங்கையும் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். முதல் நாள் எதுவும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஆயில் குறையும், சைலன்சரில் நீலப்புகை வரும், கம்ப்ரெஷன் இறங்கும். போர் வேலைக்குச் செலவாகும் பணத்தில் கம்பெனி ஃபில்டர் எத்தனை வாங்கலாம் என்று அப்போதுதான் மனசு கணக்குப் போடும்.

எல்லா ஓபன் ஃபில்டரும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஏர் ஃபில்டர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 5011 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது, எவ்வளவு காற்றைத் தடுக்கிறது இரண்டையும் அது அளக்கும். அந்த முடிவை வெளியிடும் பிராண்டுகள் உண்டு. பிளாட்பாரத்தில் தொங்கும் கூம்பு ஃபில்டர் பாக்கெட்டில் அப்படி எதையும் பார்க்க முடியாது. அதோடு மழை. கம்பெனி பாக்ஸில் தண்ணீர் நேராக இறங்காதபடி மூக்குக் குழாய் உயரத்தில் இருக்கும். கீழே திறந்த வெளியில் தொங்கும் ஃபில்டரோடு சென்னை மழையில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கினால் இன்ஜின் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும்.

போலீஸ் பிடிச்சா என்ன ஆகும்?

சட்டத்தில் தெளிவும் இருக்கு, குழப்பமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் அமைப்பு மாற்றத்தைத்தான் 'ஆல்டரேஷன்' என்று அதே பிரிவு விளக்குகிறது. த்ராட்டில் பாடி அளவு ஆர்.சி.யில் இல்லை, அதனால் இது குற்றமில்லை என்று வாதிடுபவர்கள் இந்த வரியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற முடியாது என்று கறாராகச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

52-ல் தப்பினாலும் 190(2) இருக்கிறது. சத்தம், காற்று மாசு விதிகளை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. "பி.யூ.சி. சர்டிபிகேட் கையில் இருக்கே" என்பது பதிலாகாது. டூவீலருக்கு பி.யூ.சி. சோதனை வண்டி நின்றபடி ஐடிலிங்கில் நடப்பது. முழு முறுக்கில் கலவை எப்படி இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை.

நடைமுறையில் ரோட்டில் நிறுத்தும் போலீஸ்காரர் சீட்டைக் கழற்றி த்ராட்டில் பாடியை அளக்கப் போவதில்லை. சைலன்சரும் நம்பர் பிளேட்டும்தான் முதலில் மாட்டும். த்ராட்டில் பாடி உங்களைப் பிடிப்பது வேறு இரண்டு இடங்களில். ஒன்று சர்வீஸ் சென்டர்: இன்ஜின் பழுதென்று வாரண்டி கேட்கும்போது மாற்றிய பார்ட்ஸைப் பார்த்ததும் பேச்சு முடிந்துவிடும். இன்னொன்று விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போது. செய்த மாற்றத்தைக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை. சொல்லாமல் செய்திருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் இழுபறிதான்.

அப்போ இதுக்கு அர்த்தமே இல்லையா?

இருக்கு, ரேஸ் டிராக்கில். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடும் வண்டிகளில், விதிகள் அனுமதிக்கும் பிரிவுகளில், பெரிய த்ராட்டில் பாடியைப் பார்க்கலாம். அங்கே பெரும்பாலான நேரம் ஆக்சிலரேட்டர் முழுசாகத் திறந்திருக்கும், ஆர்.பி.எம். உச்சத்தில் நிற்கும். கேம் ஷாஃப்ட், போர்ட், சைலன்சர், ஈ.சி.யூ. எல்லாம் அதற்கேற்ப மாறியிருக்கும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் விலை உண்டு, இன்ஜினை அடிக்கடி பிரித்து வேலை பார்க்க டீமும் உண்டு. ஆபீஸ் போய், சாயங்காலம் டெலிவரியும் பார்க்கிற வண்டிக்கு அந்த வசதி எதுவும் இல்லை. போரை ஏற்றி 180 சிசி, 200 சிசி ஆக்குபவர்களுக்கும் பெரிய த்ராட்டில் பாடி தேவைப்படும்தான். ஆனால் அது ஆர்.சி.யில் உள்ள சிசியையே மாற்றுவது. 52-வது பிரிவில் வாதாடக்கூட இடமில்லை.

வண்டி முன்ன மாதிரி இழுக்கலை என்றுதான் பலர் இதில் இறங்குகிறார்கள். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இருக்கிற த்ராட்டில் பாடியை. உள்ளே கரி படிந்திருந்தால் கிளீனர் அடித்துத் துடைத்து, ஐடிலிங் ரீசெட் செய்தாலே தயக்கம் போய்விடும். ஏர் ஃபில்டரை மேனுவலில் சொன்ன கிலோமீட்டருக்கு மாற்றுங்கள். எண்ணெய் தடவிய பேப்பர் ஃபில்டராக இருந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். வால்வு கிளியரன்ஸ், பிளக், செயின், டயர் காற்று இவ்வளவும் சரியாக இருக்கும் வண்டியும் இல்லாத வண்டியும் ஓட்டும்போது இரண்டு வேறு வண்டிகள் போலிருக்கும். செலவு ஒரு ஓபன் ஃபில்டர் விலைக்குள் அடங்கும்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் கம்பெனி பாக்ஸையும் பழைய த்ராட்டில் பாடியையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதுசாக வாங்கப் போனால் விலை மலைக்க வைக்கும். ஐடிலிங் ஏறி இறங்கினாலோ, இன்ஜின் லைட் எரிந்தாலோ, பிளக் வெளுத்திருந்தாலோ பழையதைத் திரும்ப மாட்டி, ஸ்கேன் டூலில் எரர் கோடைப் பார்த்து அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குபவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. விற்பவர் ஸ்டாக் பார்ட்ஸைத் திரும்ப மாட்டி, கழுவி நிறுத்தியிருப்பார். ஃபில்டர் பாக்ஸுக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பர் பூட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளே வெள்ளைத் துணியால் ஒரு துடைப்பு துடைத்துப் பாருங்கள். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்புக் கரியும் எல்லா வண்டியிலும் வரும். விரலில் நறநறவென்று செம்மண் ஒட்டினால், அந்த இன்ஜின் ஒழுங்கான ஃபில்டர் இல்லாமல் ஓடியிருக்கிறது. வேறு வண்டி பார்க்கலாம்.